நாய்க்கும் பாட்டிக்கும் மட்டும் ஷாக் அடித்த வீடு!

அந்த வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, பிளஸ் ஒன் படிக்கும் மகள், 71 வயது பாட்டி, அப்புறம் மணி. மணிக்கு நான்கு கால், ஒரு வால். கடலூரில் மழைநாள் ஒன்றில் தெருமுனையில் கிடைத்த நாட்டு நாய். அப்பாவுக்கு ஓசூரில் வேலை கிடைத்து வீட்டைக் காலி செய்தபோது, பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவே மணியும் வேனில் ஏறி வந்துவிட்டது.

கடற்கரை ஊரில் வியர்த்தே பழகியவர்களுக்கு ஓசூரின் மார்கழி பெரிய அதிர்ச்சி. காலையில் டைல்ஸ் தரையில் கால் வைக்க முடியவில்லை. அப்பா கடைக்குப் போய், வீட்டுக்குள் போட்டுக்கொள்ள நான்கு ஜோடி ரப்பர் செருப்பு வாங்கி வந்தார். மூன்று ஜோடி உடனே காலுக்குப் போயின. நான்காவது ஜோடி கவரிலேயே தங்கிவிட்டது.

"சாமி ரூம் இருக்கிற வீட்டுல செருப்பு போட்டுக்கிட்டு நடக்கச் சொல்றியா? எனக்கு வேண்டாம்ப்பா" என்று பாட்டி சொல்லிவிட்டார்.

மணிக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆக, அந்த வீட்டில் வெறுங்காலில் நடப்பவர்கள் இரண்டே பேர். இந்தச் செருப்புக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கில் பட்ட பொறி

ஜனவரி மாதம். மகள் பாலியஸ்டர் போர்வைக்குள் சுருண்டு படித்துக்கொண்டிருந்தாள். போர்வையை உதறிவிட்டு எழுந்து, ஓடி வந்த மணியைத் தடவக் கையை நீட்டினாள். மணி வழக்கம்போல மூக்கால் கையை முகர வந்தது. 'டிக்' என்று ஒரு சத்தம். மணி 'கீச்' என்று கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கியது. மகளின் விரல் நுனியிலும் சுருக்கென்றது.

அம்மா பதறிப்போனார். "வீட்டுல எங்கேயோ கரன்ட் லீக் ஆகுது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க!"

மகள் சிரித்தாள். "அம்மா, இது ஸ்டாட்டிக். நிலைமின்சாரம். ஸ்கூல்ல சீப்பைத் தலையில தேய்ச்சுப் பேப்பர் துண்டை ஒட்ட வைப்போமே, அதேதான்."

அவள் சொன்னது சரி. இரண்டு பொருள்கள் ஒட்டி, உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து எலெக்ட்ரான்கள் இன்னொன்றுக்குத் தாவும். நம் தலைமுடி, நாயின் ரோமம், கம்பளி போன்றவை எலெக்ட்ரான்களை எளிதில் விட்டுக்கொடுக்கும். பாலியஸ்டர், பிளாஸ்டிக் போன்றவை வாங்கி வைத்துக்கொள்ளும். இப்படிச் சேர்ந்த மின்னூட்டம் நம் உடம்பிலேயே தங்கியிருந்து, வேறொரு உடம்பையோ இரும்பையோ தொடப்போகும் நொடியில் பொறியாகத் தாவுகிறது.

கடலூரில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படியும். மின்னூட்டம் சேரச் சேர அதன் வழியாகக் கசிந்து போய்விடும். ஓசூர், பெங்களூரு, ஊட்டி போன்ற இடங்களில் குளிர்காலக் காற்று வறண்டிருக்கும் நாள்களில் அப்படிப் போக வழியில்லை. சென்னையிலும் இரவெல்லாம் ஏசி ஓடும் அறையில் இது நடக்கலாம். ஏசி அறையைக் குளிரவைப்பதோடு காற்றின் ஈரத்தையும் உறிஞ்சி வெளியே விட்டுவிடுகிறது.

ஆயிரக்கணக்கான வோல்ட், ஆனாலும் பயமில்லை

கதவின் கைப்பிடியைத் தொடும்போது சுருக்கென்று நமக்கு உறைக்கிறது என்றால், அந்த நேரத்தில் நம் உடம்பில் 2,000, 3,000 வோல்ட்டுக்கு மேல் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வீட்டு மின்சாரம் வெறும் 230 வோல்ட்தான். அப்படியிருந்தும் 3,000 வோல்ட் நம்மை ஒன்றும் செய்வதில்லை, 230 வோல்ட் உயிரை எடுக்கிறது.

காரணம், அளவு. நிலைமின்சாரம் மொட்டைமாடி உயரத்திலிருந்து விழும் ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரி. உயரம் அதிகம்தான், ஆனால் ஒரே ஒரு சொட்டு. கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும். வீட்டு மின்சாரம் மூடாத குழாய். தொட்டுக்கொண்டிருக்கும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் ஸ்டாட்டிக் பொறியால் ஆரோக்கியமான நாயின் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் வலி உண்டு, பயம் உண்டு. நாயின் மூக்கு ஈரமானது, நரம்புகள் நிறைந்தது. பொறி பெரும்பாலும் அங்கேதான் படும். இரண்டு மூன்று முறை பட்டுவிட்டால், 'இவர் கையை நீட்டினால் வலிக்கும்' என்று நாய் முடிவு செய்துவிடும். ஆசையாக வளர்த்தவரைக் கண்டு விலகிப்போகும்.

மகள் சில வழிகளைக் கண்டுபிடித்தாள். மணியைத் தொடுவதற்கு முன்னால் ஜன்னல் கம்பியை ஒரு முறை தொட்டுவிடுவாள். மூக்குப் பக்கம் கையை நீட்டாமல் முதுகில் கை வைப்பாள். மணியின் படுக்கையில் விரித்திருந்த பாலியஸ்டர் துணியை எடுத்துவிட்டு, பாட்டியின் பழைய பருத்திப் புடவையை நான்காக மடித்துப் போட்டாள். பிளாஸ்டிக் பிரஷ்ஷால் வறட்டு வறட்டென்று சீவாமல், ரோமத்தை ஈரத்துணியால் லேசாகத் துடைத்துவிட்டுச் சீவினாள். குளித்தபின் கைக்கு மாய்ஸ்சரைசர் தடவுவதும் உதவியது. வறண்ட தோலில்தான் மின்னூட்டம் அதிகம் தங்கும்.

துணிக்குப் போடும் சாஃப்ட்னர் திரவத்தைத் தண்ணீரில் கலந்து நாயின் மேல் தெளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும். அதிலுள்ள ரசாயனம் வாயையும் வயிற்றையும் புண்ணாக்கும். 'டிரையர் ஷீட்' என்று விற்கும் தாள்களும் அப்படித்தான். கடித்து விழுங்கினால் ஆபத்து.

மார்ச் பிறந்தது. போர்வை பீரோவுக்குள் போனது. பொறி நின்றது. அந்த வீட்டில் 'ஸ்டாட்டிக்' என்பது எல்லோருக்கும் தெரிந்த, சிரித்துவிட்டுக் கடந்துபோகும் வார்த்தையாகிவிட்டது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

தண்ணீர் குடிக்காத மணி

புரட்டாசி மழை. துணி காயவில்லை. சமையலறைக்குப் பின்னால் உள்ள சர்வீஸ் ஏரியாவில் வாஷிங் மெஷின் தினமும் ஓடியது. மெஷினை ஒட்டித்தான் மணியின் எவர்சில்வர் தண்ணீர்க் கிண்ணம் இருக்கும்.

ஒருநாள் மணி கிண்ணத்துக்குப் பக்கத்தில் போய், நாக்கை நீட்டி, சட்டென்று பின்வாங்கியது. மறுநாள் கிண்ணத்துக்கு ஒரு முழ தூரத்திலேயே நின்றுகொண்டு குரைத்தது. அதற்கடுத்த நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பாத்ரூம் வாளியில் தண்ணீர் குடித்தது.

"புது பவுடர் வாசனை பிடிக்கலபோல" என்றார் அம்மா.

"மெஷின் சத்தத்துக்குப் பயப்படுது" என்றார் அப்பா.

"ஸ்டாட்டிக்கா இருக்கும். எவர்சில்வர் கிண்ணம்ல" என்றாள் மகள்.

அதே வாரத்தில் பாட்டியும் ஒன்று சொன்னார். "துணி எடுக்கறப்போ கை சுருசுருங்குது. நேத்திக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

"சுகர் இருக்குல்ல அத்தை, அதனாலதான் மதமதப்பா இருக்கும். அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்றார் அம்மா. அக்கறையோடு சொன்னதுதான். பாட்டிக்குப் 14 வருடங்களாகச் சர்க்கரை நோய். கை கால் சுருசுருப்பு அந்த வீட்டுக்குப் புதிதில்லை.

பாட்டி விடவில்லை. "சுகர் சுருசுருப்பு எனக்குத் தெரியாதா? அது ராத்திரியில கால்ல வரும். இது மெஷினைத் தொட்டாதான் வருது. கையை எடுத்தா போயிடுது."

அம்மா உடனே போய் மெஷினைத் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அப்பாவும் தொட்டார். ஒன்றும் இல்லை. மகள் தொட்டுவிட்டு, "பாருங்க பாட்டி, ஒண்ணுமே இல்ல" என்று கையை விரித்துக் காட்டினாள்.

மூன்று பேர் காலிலும் ரப்பர் செருப்பு இருந்தது.

"இந்த மழையில ஸ்டாட்டிக் எப்படி சார் வரும்?"

ஹால் மின்விசிறி சரியில்லை என்று வரவழைத்த எலக்ட்ரீஷியனிடம், அப்பா இதையும் பேச்சுவாக்கில் சொன்னார். "எங்க நாய் வாஷிங் மெஷின் பக்கமே போக மாட்டேங்குது தம்பி. ஸ்டாட்டிக்னு பொண்ணு சொல்றா."

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். "இந்த மழையில ஸ்டாட்டிக் எப்படி சார் வரும்? யாரும் மெஷினைத் தொடாதீங்க."

முதலில் மெயினை அணைத்தார். மெஷினின் பிளக்கைப் பார்த்தார். மூன்று முள் பிளக்தான். ஆனால் அது செருகியிருந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எர்த் ஒயரே இல்லை. மூன்றாவது துளை பெயருக்குத்தான் இருந்தது. மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றியபோது, மோட்டாருக்குப் போகும் ஒயரின் மேலுறையை எலி கடித்துப் பெயர்த்திருந்தது தெரிந்தது. உள்ளிருந்த செம்பு, மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. மழை ஈரம் மீதி வேலையைச் செய்திருந்தது.

மெஷினை ஒட்டியிருந்த எவர்சில்வர் கிண்ணத்தில் நாக்கு, ஈரத் தரையில் நான்கு வெறுங்கால்கள். மின்சாரத்துக்கு அதைவிட நல்ல பாதை கிடைக்காது. பாட்டிக்கும் அதே கதைதான். ஈரத்துணி எடுத்த கை, வெறுங்கால்.

"ஒயர் முழுசா ஒட்டியிருந்தா நாய்தான் முதல்ல போயிருக்கும் சார். அடுத்தது..." என்று எலக்ட்ரீஷியன் நிறுத்திக்கொண்டார். பாட்டி பக்கத்தில்தான் நின்றிருந்தார். அம்மா எதுவும் பேசாமல் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எது ஸ்டாட்டிக், எது கசிவு?

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை.

ஸ்டாட்டிக் ஒரே ஒரு 'டிக்'. பட்ட உடனே தீர்ந்துவிடும். அதே இடத்தை அடுத்த நொடி தொட்டால் ஒன்றும் இருக்காது. வறண்ட குளிர்காலத்திலும் ஏசி அறையிலும்தான் வரும். போர்வை, சோபா, கார்ப்பெட் என்று எங்கேயாவது உரசி எழுந்த பிறகே வரும். எந்தப் பொருளைத் தொட்டாலும் வரலாம்.

கசிவு, தொட்டுக்கொண்டிருக்கும்வரை சுருசுருவென்று இருக்கும். கையை எடுத்தால் நிற்கும், மறுபடி தொட்டால் மறுபடி வரும். ஈரத்திலும் வெறுங்காலிலும் அதிகமாகும். குறிப்பிட்ட ஒரே இடத்தில்தான் நடக்கும்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர், கீசர் குழாய், மோட்டார், இரும்பு கேட்.

நாயைப் பொறுத்தவரை அறிகுறி இன்னும் எளிது. எல்லா இடத்திலும் சாதாரணமாக இருக்கும் நாய், ஒரே ஓர் இடத்தை மட்டும் திடீரென்று தவிர்க்கிறதா? தண்ணீர்க் கிண்ணத்திடம் போய்ப் பின்வாங்குகிறதா? மழைநாளில் கேட்டுக்குப் பக்கத்தில் மட்டும் காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறதா? அடம் என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த இடத்தின் மின் இணைப்பைப் பார்க்க வேண்டும். 'தொட்டுப் பார்க்கிறேன்' என்று நீங்கள் இறங்கக் கூடாது. மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

ரப்பர் மேட் வாங்கிப் போட்டுவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். மேட் போட்டால் சுருசுருப்பு நிற்கும். கசிவு அப்படியே இருக்கும். ஒருநாள் யாராவது மேட்டுக்கு வெளியே நின்று தொடுவார்கள்.

நியூயார்க்கில் நடந்தது

வெறுங்கால் நாய்க்கு முதலில் தெரிந்துவிடும் என்பதற்குத் துயரமான ஓர் உதாரணம் உண்டு. 2004 ஜனவரியில், நியூயார்க் நகரின் ஈஸ்ட் வில்லேஜ் பகுதியில் 30 வயது ஆராய்ச்சி மாணவி ஒருவர் தன் நாய்களோடு நடந்துபோனார். பனி பெய்து தெரு ஈரமாக இருந்தது. தரையில் பதித்திருந்த ஓர் இரும்பு மூடியில் மின்சாரம் கசிந்துகொண்டிருந்தது. நாய்களுக்கு ஷாக் அடித்தது. அவரும் அதே இடத்தில் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். அதற்குப் பிறகுதான் தெருவிலுள்ள இரும்பு மூடிகளையும் விளக்குக் கம்பங்களையும் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும் என்ற விதி அங்கே வந்தது.

நம் ஊரில் மழைக்காலத்தில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் மாடு விழுந்து செத்தது என்று செய்தி வருகிறதே, அதன் காரணமும் இதுதான். நான்கு கால் பிராணியின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே தூரம் அதிகம். ஈரத் தரையில் கசியும் மின்சாரம் ஒரு காலில் ஏறி இன்னொரு காலில் இறங்கும்போது, நெஞ்சு வழியாகப் போய்விடுகிறது. அதனால் மழைநாளில் நாயை வாக்கிங் கூட்டிப்போனால் மின்கம்பம், ஸ்டே கம்பி, ஜங்ஷன் பாக்ஸ் பக்கம் விடாதீர்கள். வீட்டிலும் இரும்புச் சங்கிலியால் கிரில் கேட்டில் கட்டாதீர்கள். விழா நாள்களில் சீரியல் லைட் சுற்றிய கேட் என்றால் கட்டவே கூடாது.

மூன்றாவது முள் எதற்கு?

மூன்று முள் பிளக்கின் மேல் முள் மற்ற இரண்டையும்விட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். பிளக்கைச் செருகும்போது அது முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் பிரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். அதுதான் எர்த். கசியும் மின்சாரத்தை நம் உடம்பு வழியாகப் போகவிடாமல் நேராகப் பூமிக்கு இழுத்துப்போகும் ஒயர். அதை வெட்டிவிட்டு இரண்டு முள் பாக்ஸில் செருகுவது, காரின் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டுவது மாதிரி.

மெட்டல் உடம்பு கொண்ட லேப்டாப்பைச் சார்ஜ் போட்டபடி தொட்டால் லேசாகக் கிர்ரென்று இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான். இரண்டு முள் சார்ஜரில் எர்த் இல்லை. நல்ல சார்ஜராக இருந்தால் அந்த அளவு ஆபத்தானது இல்லை. மூன்று முள் ஒயர் போட்டால் நின்றுவிடும். மலிவான போலி சார்ஜர் என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

"மெயின் பாக்ஸில் எம்சிபி இருக்கே, அது டிரிப் ஆகாதா?" என்று அப்பா கேட்டார். எல்லோருக்கும் வரும் சந்தேகம்தான். 16 ஆம்பியர் எம்சிபி, அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் அணையும். அது ஒயரைக் காப்பாற்ற இருக்கிறது. மனித உடம்புக்கு 0.03 ஆம்பியருக்கு மேல் போனாலே ஆபத்து தொடங்கிவிடும். இரண்டுக்கும் 500 மடங்குக்கு மேல் வித்தியாசம்.

உயிரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி என்ற வேறொரு கருவி. வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வந்ததா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், எங்கோ கசிகிறது என்று ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் மின்சாரத்தை நிறுத்திவிடும். எர்த் சரியாக இருந்தால், பழுதான மெஷினை யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி அணைந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது தொட்ட பிறகுதான் அதற்குத் தெரியும். அதனால் இரண்டும் வேண்டும். அந்த வாடகை வீட்டில் இரண்டும் இல்லை. வீட்டு உரிமையாளரிடம் பேசி, சில ஆயிரம் ரூபாய் செலவில் இரண்டையும் பொருத்தினார்கள்.

நாய்க்கு ஷாக் அடித்துவிட்டால்...

மூன்று மாதம் முதல் ஆறு, ஏழு மாதம் வரையுள்ள குட்டிகளுக்குப் பல் முளைக்கும் காலம். எதைக் கண்டாலும் கடிக்கும். சார்ஜர் ஒயர், டேபிள் ஃபேன் ஒயர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எல்லாம் அதன் கண்ணுக்குக் கயிறுதான். வேலை முடிந்ததும் சுவிட்சை மட்டும் அணைக்காமல் பிளக்கைப் பிடுங்கி உயரத்தில் வைப்பதுதான் நல்லது.

ஒயரைக் கடித்தபடி நாய் விழுந்து கிடந்தால், முதலில் அதைத் தொடாதீர்கள். பாசத்தில் ஓடிப்போய்த் தூக்குபவருக்கும் அதே மின்சாரம்தான். மெயினை அணையுங்கள். மெயின் தூரத்தில் இருந்தால், தண்ணீர் இல்லாத இடத்தில் நின்று, காய்ந்த மரக்கட்டை அல்லது பிளாஸ்டிக் கம்பால் ஒயரைத் தள்ளுங்கள். பிறகு மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

'எழுந்து நடக்குதே, ஒண்ணும் ஆகல' என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாது. மின்சாரம் தாக்கிய நாய்க்குச் சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம். வாய்க்குள் நாக்கிலும் ஈறிலும் தீக்காயம் இருக்கும், வெளியே தெரியாது. மூச்சு வாங்குவது, இருமல், எச்சில் ஒழுகுவது, சாப்பிட மறுப்பது இதெல்லாம் அடுத்த ஒரு நாளுக்குள் வரலாம்.

மணிக்கு அந்த அளவு ஆகவில்லை. ஒயர் மாற்றி, எர்த் கொடுத்து, எல்லாம் சரியான பிறகும் அது சர்வீஸ் ஏரியா பக்கம் போக மூன்று வாரம் ஆனது. யாரும் இழுத்துப்போகவில்லை. கிண்ணத்தை ஹாலுக்கு மாற்றினார்கள். எவர்சில்வருக்குப் பதில் மண் சட்டி வந்தது. மணி அதில் வயிறு முட்டக் குடித்தது.

ஆர்சிசிபியில் 'டி' என்று எழுதிய ஒரு சின்னப் பட்டன் இருக்கும். அதை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். டப்பென்று அணைந்தால் கருவி உயிரோடு இருக்கிறது. அணையவில்லை என்றால் மாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் இருந்தால் இன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

அந்த வீட்டில் இந்தப் பொறுப்பை யாரும் பாட்டிக்குக் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மாதமும் காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு மகனைக் கூப்பிடுகிறார்.

"டேய், இன்னிக்கு ஒண்ணாந்தேதி. பட்டனை அழுத்திட்டு ஆபீஸ் போ."